அம்மாவின் காலடியில் தீ

தும்பாங் லாவாங்
2 ஆகஸ்ட் 2015

மாண்புமிகு தீயணைப்பு வீரர் தெஹென் அவர்களுக்கு, அவருடைய ஒரே தங்கையும் ஊரின் ஒரே அறிவாளியுமான லமியாங் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். உன் கைப்பேசியும் நலமாகத்தான் இருக்கும். அப்பா அதை ஆற்றில் வீசிய இடத்தில் நேற்று ஒரு விரால் பிடித்தேன். யாரோடோ பேசிக்கொண்டிருக்கும்போது இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, தரையில் விழுந்த பிறகும் வாயைத் திறந்து திறந்து மூடியது. நீ புதிதாக வாங்கினாலும் பயனில்லை. கைப்பேசிக் கோபுரத்துக்கு டீசல் வந்து ஒரு மாதமாகிறது. சப்ரி மாமாவின் படகும் என் கோழிக் கிறுக்கலும்தான் உனக்குக் கதி.

ஊர்ச் செய்திகள். நீயும் உன் சட்டைக்காரக் கூட்டாளிகளும் அப்பாவின் கால்வாயில் கட்டினீர்களே ஓர் அணை, அதற்கு இப்போது வாய் முளைத்துவிட்டது. நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரமே அப்பாவும் கார்லி மாமாவும் நடுப்பலகைகளைப் பிடுங்கிப் படகு போகிற அகலத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு பலகையை நானும் பிடுங்கினேன், மறைக்க மாட்டேன். ஆணியை நன்றாகத்தான் அடித்திருந்தாய். காட்டுத் தண்ணீர் எல்லாம் விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் மாதிரி ஆற்றுக்கு ஓடியது. அப்பா கரையில் நின்று சொன்னது இது: "மகன் வாயையும் மூடிட்டுப் போனான், வாய்க்காலையும் மூடிட்டுப் போனான். திறக்க முடிஞ்சதையாவது திறப்போம்."

அடுத்தது, மீன்குழிகள். தண்ணீர் வற்றி, விராலும் கெளுத்தியும் குழியில் ஒதுங்கிவிட்டன. வழியை மறைத்த கோரையை அப்பா எல்லா வருஷத்தையும்போல் கொளுத்தினார். மாலைக்குள் வாளி வாளியாக ஊற்றி அணைத்தும் விட்டார். ஆக, நீ கட்டியதும் அணை, அவர் செய்ததும் அணை. உன்னுடையது உடைந்தது, அவருடையது நிலைத்தது. வெற்றி யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

கடைசியாக, முக்கியமானது. திவா நவம்பரில் என்று முடிவாகிவிட்டது. ஏழு குடும்பம் சேர்ந்து செய்கிறோம். ஏழு சவப்பெட்டிகளையும் தோண்டி எடுத்து, எலும்பைக் கழுவி, மாடத்தில் வைத்து, அவர்களை ஒரேயடியாக வழியனுப்புவோம். அம்மா இரண்டு வருஷமாக அந்தக் கரிமண்ணுக்குள் காத்திருக்கிறாள். அவளைப் பெட்டியிலிருந்து தூக்குகிற கை மூத்த மகனுடையதாக இருக்க வேண்டும் என்று பூசாரி பாசிர் சிமால் சடங்கு சொல்லும்போது, அப்பா வெற்றிலைப் பையில் எதையோ தேடினார். பையில் வெற்றிலையே இல்லை.

புகைக்கும் பகைக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். பகையை அங்கேயே விட்டுவிட்டு, புகையோடு மட்டும் வந்து சேர்.

உன் பிடுங்கி,
லமியாங்


குழு முகாம்
11 ஆகஸ்ட் 2015

லமியாங்,

உன் கடிதத்தைக் குழுவில் எல்லோரும் வாங்கி வாசித்துச் சிரித்தார்கள். பலகை பிடுங்கிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ஆணியை அடித்தவர்களும் அவர்கள்தானே.

ஊரே கூடியிருந்த படித்துறையில் அப்பா என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். "எவனோ குடுத்த சட்டையப் போட்டதும் பெத்தவன் திருடனாத் தெரியுறேனா ஒனக்கு" என்றார். நான் அவரைத் திருடன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கால்வாயை மூடினால் மண் ஈரமாக இருக்கும் என்று மட்டும்தான் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசி ஆற்றில் இருந்தது.

உன்னிடம் சில கேள்விகள். விளையாடாமல் பதில் எழுது. அப்பா எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்? மேலே புகை நின்றதும் நிறுத்திவிட்டாரா? மண்ணுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தாரா?

நாங்கள் எப்படி அணைக்கிறோம் என்று சொல்கிறேன். நீளமான இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கித் தண்ணீர் அடிப்போம். கீழே சேறு கொதிக்கிற சத்தம் கேட்கும். அது அடங்கும்வரை அடித்துவிட்டு, இன்னொரு இடத்தில் குத்துவோம். கடைசியில் தலைவர் ஊரி முட்டி போட்டு வெறும் உள்ளங்கையை மண்ணில் வைப்பார். அவர் கையை எடுக்காமல் இருந்தால்தான் அணைந்தது. நம் காலுக்குக் கீழே இருப்பது மண்ணே இல்லை, லமியாங். விழுந்து, நீரில் ஊறி, மக்காமல் கிடக்கிற காடு. மேலே அணைந்தாலும் அது வேர் வழியாக உள்ளுக்குள்ளேயே போகும். எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் பெருங்கடலே சூடேறிக் கிடக்கிறதாம், மழை தள்ளித்தான் வருமாம். நம் தாத்தாக்களுக்குத் தாத்தாக்கள் பிறக்கும் முன்பே விழுந்த மரங்களின் கரியெல்லாம் இப்போது ஒரே மாதத்தில் வானத்துக்குப் போகிறது என்று ஊரி சொல்கிறார். அது அங்கே போர்வை மாதிரி நின்று உலகத்துச் சூட்டை வெளியே விடாதாம். சூடு கூடினால் அடுத்த வறட்சி நீளும், நீண்டால் இன்னும் ஆழத்தில் எரியும். நாம் கொளுத்துவது நமக்கே திரும்பி வரும் என்கிறார்.

திவாவுக்கு நான் வர வேண்டுமா என்பதை அப்பா சொல்லட்டும். பையில் தேடினார் என்று நீ சொல்வது போதாது.

தெஹென்


தும்பாங் லாவாங்
24 ஆகஸ்ட் 2015

உள்ளங்கை வைத்தியர் அண்ணாவுக்கு,

உன் கேள்விகளை அப்பாவிடம் சேர்த்தேன். நீ எழுதியது என்று சொல்லாமல், எனக்கே தோன்றிய மாதிரி கேட்டேன். "இவ்வளவு அறிவு ஒனக்கு ஏது, அவன் எழுதுனானா" என்றார். பிறகு போர்வைக் கதையையும் சொன்னேன். அதற்குப் பதில்: "நாலு குழிக் கோரையக் கொளுத்துனதுக்கு ஒலகமே வேர்க்குதாம். அந்தப் பக்கம் கம்பெனிக்காரன் காட்டையே கொளுத்திட்டு எண்ணெய்ப்பனை வைக்கிறான். அங்க போயி வைக்கட்டும் ஒங்கண்ணன் உள்ளங்கைய." இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கரும்பலகையும் தெரியவில்லை, வாத்தியாரும் தெரியவில்லை, அவருக்கு நாங்களும் தெரியவில்லை. சூரியன் காலையில் பொரித்த முட்டை மாதிரி வருகிறது, நேராகப் பார்த்தாலும் கண் கூசவில்லை. எல்லோரும் இருமுகிறோம். கார்லி மாமாவின் இருமல் ஆண் தவளை, சித்தியுடையது பெண் தவளை. மழைதான் வரக் காணோம்.

இப்போது என் சாதனையைக் கேள். இடுகாட்டுக்குப் பின்னால், மீன்குழி வழியில், வெறும் காலோடு போனால் ஓர் இடம் வெதுவெதுப்பாக இருக்கிறது. தீயும் இல்லை, புகையும் இல்லை, வெறும் காய்ந்த இலை. அங்கே ஒரு மரவள்ளிக் கிழங்கை இலையில் சுற்றிப் புதைத்தேன். மாலையில் எடுத்தால் பஞ்சு மாதிரி வெந்திருந்தது. உப்பு வைத்துத் தின்றேன். மறுநாள் இன்னொன்றைப் புதைத்துவிட்டு ரெனாய்ச் சித்தியைக் கூட்டிப்போனேன். "சித்தி, திவாவுக்கு ஆள் வருதுல்ல, தாத்தாமாருங்க கீழ சமையலத் தொடங்கிட்டாங்க" என்று சொல்லித் தோண்டிக் காட்டினேன். சித்தி கிழங்கைக் கையில் வாங்கி, ஆவி பறப்பதைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அவள் போய் நாலு பேரிடம் சொல்ல, இப்போது அந்த இடத்தில் தினமும் படையல். சோறு, வெற்றிலை, பச்சை முட்டை. மண்ணில் வைத்த முட்டை மாலைக்குள் வெந்துவிடுகிறது. அதற்கு இன்னும் கூட்டம். நான் சிரிப்பை அடக்கி அடக்கி இருமல் வந்ததாக நடிக்கிறேன், இருமல் உண்மையாகவே வந்துவிடுகிறது.

நேற்று அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் விழுந்தது. காற்றே இல்லை. மெதுவாக, களைத்துப்போன ஆள் படுக்கிற மாதிரி சாய்ந்தது. வேரைப் போய்ப் பார்த்தேன், எலி கடித்த வடம் மாதிரி எல்லாம் அறுந்து கறுத்திருந்தது. அதற்கும் தாத்தாக்கள்தான் காரணமாம், விறகுக்கு.

தலைமைச் சமையல்காரி,
லமியாங்


குழு முகாம்
30 ஆகஸ்ட் 2015

லமியாங்,

அந்த இடத்துக்குப் போகாதே. யாரையும் போக விடாதே.

அது அப்பாவின் தீ. அணையவில்லை. மீன்குழியிலிருந்து உள்ளுக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறது. இலைக்குக் கீழே மண் அப்படியே இருப்பது போலத் தெரியும், உள்ளே அடுப்பாக இருக்கும். எங்கள் யான்சென் அப்படி ஓர் இடத்தில் கால் வைத்தான். முழங்கால்வரை இறங்கிவிட்டது. நாங்கள் தூக்கியபோது காலணி கீழேயே தங்கிவிட்டது. மற்றதை உனக்கு எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

நீ கிழங்கு புதைத்த இடம் அம்மாவிடமிருந்து எவ்வளவு தூரம்? இடுகாட்டுக்குப் பின்னால் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அம்மா கடைசி வரிசை. அவளுக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் பள்ளம் தோண்டச் சொல். கீழே தண்ணீர் தெரியும்வரை, அல்லது வெள்ளைக் களிமண் தெரியும்வரை. பாதியில் நிறுத்தினால் அடியில் நுழைந்துவிடும். பலகை போட்டு அதன்மேல் நின்று தோண்டுங்கள். இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

அப்பா கேட்டது சரியான கேள்வி. கம்பெனி எல்லையில் காவலாளி எங்களை நிறுத்திவிடுகிறான், உள்ளே புகை மட்டும் தெரிகிறது. என் கை எட்டுகிற மண்ணில்தான் என்னால் கை வைக்க முடிகிறது. இதை அவரிடம் சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கமே எரிகிறது, குழுவை விட்டு வர முடியவில்லை. உடனே எழுது.

தெஹென்


தும்பாங் லாவாங்
9 செப்டம்பர் 2015

அண்ணா,

உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. சப்ரி மாமா ஆற்றில் கரை தெரியாமல் இரண்டு முறை மணலில் ஏறிவிட்டாராம். வாசித்ததும் இடுகாட்டுக்குத்தான் ஓடினேன். வெதுவெதுப்பு இப்போது நான் முதலில் கிழங்கு வைத்த இடத்தில் இல்லை. அங்கே தரை கிண்ணம் மாதிரி உள்வாங்கி, வெள்ளைச் சாம்பலாகக் கிடக்கிறது. சூடு அம்மா பக்கமாக வந்திருக்கிறது. நடுவில் ஐந்தாறு ஆள் நீளம் இருக்கும், அவ்வளவுதான்.

அப்பாவிடம் உன் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன், நீ எழுதியது என்று சொல்லியே. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது இடுகாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். அரிசி கழுவ உட்கார்ந்தவர் வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. "என்னப்பா கையில" என்றேன். "ஒங்கண்ணனோட தலைவர் எவ்வளவு நேரம் வைப்பாராம்?" என்று கேட்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துக்கொண்டோம். இங்கேதான் என் வேடிக்கை என்னைக் கடித்தது. படையல் வைக்கிறவர்கள் வழியை மறித்து நின்றுவிட்டார்கள். தாத்தாக்களின் அடுப்பை வெட்டிப் பிளந்தால் ஏழு குடும்பத்துத் திவாவும் கெடுமாம். நான் எல்லோர் முன்பும் உண்மையைச் சொன்னேன். "கிழங்க வச்சது நான். கீழ இருக்கிறது எங்கப்பா வச்ச தீ. தாத்தா இல்ல, பாட்டன் இல்ல, ஒண்ணும் இல்ல."

சித்தி என் கன்னத்தைத் தடவினாள். "பயந்துட்டா பாவம். இவ பொய் சொல்றப்ப கண்ணு சிரிக்கும். இப்ப சிரிக்கல பாரு, எதையோ பாத்துட்டு மறைக்கிறா."

"சிரிக்காததுனாலதான் சித்தி சொல்றேன், நிசம்னு."

"சரி சரி, அவங்க சொல்ல வேணாம்னா நீ சொல்லாத கண்ணு."

என் வாழ்நாளில் முதல் முறையாக உண்மை பேசினேன், ஒருவரும் வாங்கவில்லை. அப்பா ஒருவழியாகக் கத்தித் தள்ளிவிட, ஒரு பக்கம் மட்டும் தோண்டினோம். இடுப்பளவு போயும் தண்ணீர் இல்லை. போன வறட்சியில் முழங்கால் ஆழத்திலேயே ஊறியது, நினைவிருக்கிறதா? இப்போது காய்ந்த நார்தான் வருகிறது, சுருட்டுப் புகையிலை மாதிரி. தண்ணீர் எல்லாம் நாங்கள் திறந்துவிட்ட வழியாகப் போய்விட்டது. களிமண்ணும் தெரியவில்லை. அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பு மூட்டப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பாசிர் சிமாலிடம் போனோம். அம்மாவை இப்போதே எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். திவா நடக்காதவரை போனவர்கள் பாதி வழியில்தான் இருக்கிறார்களாம். மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல் எலும்பைத் தொட்டால் நடுவழியில் தள்ளிவிட்ட மாதிரி ஆகுமாம், வீட்டுக்கும் வர மாட்டார்கள், அங்கேயும் போய்ச்சேர மாட்டார்கள். "நவம்பர் வரைக்கும் பொறுடா" என்றார். அப்பா, "நான் பொறுப்பேன். நெருப்பு பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு காலையும் மூங்கில் குச்சிகளை அம்மாவரை வரிசையாகக் குத்தி, இழுத்து நுனியைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்று சுட்ட குச்சிக்கும் அம்மாவுக்கும் நடுவே மூன்று குச்சி இடம்தான். என்ன செய்யட்டும்?

லமியாங்


ஆற்றுக்கூடல் கடையிலிருந்து
17 செப்டம்பர் 2015

லமியாங், அப்பா, இரண்டு பேருக்கும்,

அம்மாவை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே. மழைக்கோ எனக்கோ காத்திருக்க வேண்டாம்.

நான் குழுவிலிருந்து கிளம்பிவிட்டேன். கூடல்வரை வந்து மாட்டிக்கொண்டேன். நேற்று இரண்டு படகுகள் புகையில் முட்டிக்கொண்டன, காவலர்கள் எதையும் மேலே விடவில்லை. சப்ரி மாமாவுக்கு ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரியும், இரவில் தனியாக நழுவிப் போவார், ஆளை ஏற்ற மாட்டேன் என்கிறார், அவரிடம் கெஞ்சி இதைக் கொடுக்கிறேன். நாளைக்குத் துடுப்புப் படகு ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

குச்சி சுடுகிறது என்றால் அடியில் ஏற்கெனவே தாண்டியிருக்கும். மேலே தெரிவதைவிடக் கீழே எப்போதும் முன்னால் போயிருக்கும். தோண்டுவதற்கு முன் தலைமாட்டுப் பக்கம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சாக்குகளை ஆற்றில் நனைத்து வையுங்கள். குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். பலகையில் படுத்துக்கொண்டு கையை விடுங்கள். தலைசுற்றினால் உடனே விலகுங்கள், அந்தப் புகை சொல்லிக்கொண்டு கொல்லாது.

பாசிரிடம் சொல்லுங்கள், மூத்த மகன் சொன்னான், மூத்த மகன் பேரில்தான் எடுத்தோம் என்று. குற்றம் எதுவானாலும் என் மேல் வரட்டும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, எனக்கு வந்தால் என்னோடு போகும்.

அப்பா, அன்றைக்குப் படித்துறையில் நான் அணையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. முதலில் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் கட்டினேன். அது என் தப்பு. அணை தப்பில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள்.

தெஹென்


ஆற்றில், படகிலிருந்து
26 செப்டம்பர் 2015

அண்ணா,

இதைக் கார்லி மாமாவின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் துடுப்புப் போட்டுக் கூடலுக்குப் போகிறான். நீ இன்னும் அங்கே இருந்தால் உன் கைக்கு வரும். கிளம்பியிருந்தால், அவன் வழியில் கூப்பிட்டுக்கொண்டே போவான்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை படித்தேன். நீ குற்றத்தை ஏற்பதாகச் சொன்ன இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "எம் பொண்டாட்டிய நான் எடுக்குறதுக்கு எவன் பேரும் வேணாம். அவன் பேரு அவங்கிட்டயே இருக்கட்டும்." நீ மன்னிப்புக் கேட்ட இடம் முடிந்ததும் கடிதத்தை வாங்கி, மடித்து, வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

விடிந்ததும் போனோம். வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய பலகைகளை இடுகாட்டு வாசலிலிருந்து அம்மாவரை வரிசையாகப் போட்டோம். அப்பா இடுப்பில் கயிறு. மறுமுனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். நீ சொன்னபடி தலைமாட்டிலிருந்து தோண்டினார். பெட்டியின் மூடி தெரிந்தபோது பின்னால் பாசிர் சிமால் வந்து நின்றார். ரெனாய்ச் சித்தியும் இன்னும் பலரும் அவரோடு. தடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பாசிர் தலைத்துணியை அவிழ்த்து, எங்கள் வாளியில் நனைத்து, அப்பாவிடம் நீட்டினார்.

"மூக்குல கட்டிக்க. நான் திரும்பி நிக்கிறேன். நான் பாக்கல. எடு."

எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன்.

தலைப்பக்கம் பெட்டி அப்படியே இருந்தது, அண்ணா. அப்பா குடைந்த உளித்தடம்கூட இருந்தது. மூடியை நகர்த்தியபோது அம்மாவின் நெற்றி, மணிமாலை, அவள் விரும்பிக் கேட்டு உடுத்திய நீலத் துணியின் ஓரம், எல்லாம் இருந்தன. அப்பா பலகையில் குப்புறப் படுத்து, ஒவ்வொன்றாக எடுத்து, தூங்குகிற ஆளுக்குச் சத்தம் கேட்டுவிடும் என்கிற மாதிரி, ஈரச் சாக்கில் வைத்தார். தலை, கழுத்து, விலா, கைகள், இடுப்பு. முழங்காலுக்கு வந்ததும் அவர் கை நின்றது.

பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் இல்லை. கரியாகக்கூட இல்லை. அங்கே மண்ணுக்கு அடியில் ஒரு குகை இருந்தது. உள்ளே சிவப்பாக, ஒரு சத்தமும் இல்லாமல், யாரோ மூச்சு விடுகிற மாதிரி கூடிக் கூடிக் குறைந்தது. நான் கிழங்கு சுட்டுத் தின்ற அடுப்பு அதுதான்.

அப்பா கையை உள்ளே விட்டார். சட்டைக் கை பற்றியது. நான் முழுப் பலத்தோடு கயிற்றை இழுத்தேன்.

"விடுடி. அந்தா தெரியுது."

"ஒண்ணும் தெரியலப்பா. வாங்க."

"தெரியுதுடி, கால் தெரியுது, விடு."

"விட மாட்டேன்."

பாசிர் திரும்பிவிட்டார். சித்தியும் திரும்பினாள். எல்லோரும் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அப்பா பலகையோடு இழுபட்டு வந்தபோது, அவர் படுத்திருந்த இடம் பெட்டியோடு உள்ளே இறங்கியது. தீப்பொறி எழுந்தது. பிறகு வழக்கமான புகைதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் கயிற்றை விடாமல் வெகுநேரம் அப்படியே நின்றோம்.

அப்பாவின் வலது கை முழங்கைவரை வெந்திருக்கிறது. மருந்தில்லை, மரவள்ளி மாவைக் குழைத்துப் போட்டிருக்கிறோம். பாசிரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முழங்காலுக்குக் கீழ இல்லாம அவ எப்படி நடப்பா?"

பாசிர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது நடக்குற வழி இல்லடா. படகு வரும். ஏத்தி உக்கார வச்சா போதும், போயிருவா." சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்தார். தண்ணீர் நடு ஓடையில் மட்டும்தான் இருந்தது, இரு கரையிலும் சேறு வெடித்துக் கிடந்தது.

அன்று மதியத்திலிருந்து மற்ற ஆறு குடும்பங்களும் தோண்டத் தொடங்கின. யாரும் தாத்தாக்களின் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை, என்னையும் ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு குடும்பத்துக்கு முழுசாகக் கிடைத்தது. கார்லி மாமாவின் அண்ணன் இருந்த இடத்தில் ஒரு கிண்ணப் பள்ளமும் சாம்பலும் மட்டும்தான். மாமா அந்தச் சாம்பலில் ஒரு பிடி எடுத்துத் துணியில் கட்டினார், அது அண்ணனா மண்ணா என்று தெரியாமலேயே. ஆறாவது குழி சித்தப்பாவுடையது. சித்தி குழியில் எட்டிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ பாத்துச் சொல்லு கண்ணு, நீ சொன்னா நம்புறேன்" என்றாள். பார்த்தேன். "இருக்காரு சித்தி" என்றேன். கொஞ்சம்தான் இருந்தார். அதையே முழு ஆள் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது எல்லோரும் ஆற்றில்தான் இருக்கிறோம். எரியாமல் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு படகு, ஒவ்வொரு படகிலும் ஒரு மூட்டை. அம்மா முன்பக்கம் இருக்கிறாள், அப்பா அவளுக்கு வெயில் படாமல் பாயைக் கட்டியிருக்கிறார், வெயிலே இல்லாவிட்டாலும். பாசிர் தினமும் வானத்தைப் பார்த்துவிட்டு, நவம்பர் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

நம் வீடு நிற்கிறது. ஆனால் நேற்று மாலை உலைப்பானை எடுக்கப் போனபோது அடுக்களைப் பக்கத் தூண் ஒன்றைத் தொட்டேன். சுட்டது. அடுப்பு மூட்டி ஒரு வாரமாகிறது. அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

ஆகவே கேட்டுக்கொள். வீட்டுக்கு வராதே. படித்துறையில் இறங்காதே, அங்கே தரை எது, மூடி எது என்று இப்போது எங்களுக்கே தெரியவில்லை. கரையில் யார் கூப்பிட்டாலும் ஒதுங்காதே. நடு ஓடையிலேயே வா. புகையில் எங்களைப் பார்க்க முடியாது, குரல் கொடு. என் பேரைச் சொல்லாதே, நான் ஏதாவது வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து யாரும் பதில் கொடுக்க மாட்டார்கள். அப்பாவைக் கூப்பிடு. அவர் இரண்டு நாளாகத் தூங்காமல் படகின் விளிம்பில் உட்கார்ந்து ஆற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லமியாங்